சபையும் இரண்டு பெட்டிகளும்

1931இல் அரசாங்க சபைக்கு நடந்த முதல் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்ததால், பெண்களுக்குக் கிடைத்த வாக்குரிமை எங்கள் பக்கத்தில் சில வருஷங்கள் பாவிக்கப்படாமலே கிடந்தது. நான் முதன்முதலாக வாக்குப் போட்டபோது தெல்லிப்பழைக்குக் கிட்ட ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தேன். என் கணவரும் அங்கேதான் படிப்பித்தார். எங்கள் கிறிஸ்தவ சபையின் காரியதரிசியும் அவரே.

அரசாங்க சபைக்கு எங்கள் தொகுதியில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் எங்கள் சபையிலேயே ஞானஸ்நானம் பெற்று வளர்ந்த அப்புக்காத்து, கோட்டில் வழக்குப் பேசுபவர். மற்றவர் சைவர், புகையிலைத் தோட்டங்கள் வைத்திருந்தவர். அந்தக் காலத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறப் பெட்டி. அப்புக்காத்தருக்குச் சிவப்பு, தோட்டக்காரருக்குப் பச்சை.

சைவர் வென்றால் மிஷன் பள்ளிக்கூடங்களுக்கு அரசாங்கம் தரும் உதவி நின்றுபோகும் என்ற பேச்சு எங்கும் பரவியிருந்தது. அது வெறும் வதந்தி என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. எங்கள் சீவியமே அந்தப் பள்ளிக்கூடந்தான். அப்புக்காத்தரும் கெட்டவரல்ல. எனக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தபோது தன் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான்.

ஆனால் ஒன்று என் மனதில் முள்ளாக இருந்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்குப் பலகையில் இருக்கலாம் என்ற சமாசன உத்தரவு வந்தபோது, கொஞ்சக் காலத்துக்கு 'அந்தப் பிள்ளைகள்' நிலத்திலேயே இருக்கட்டும், சனம் பழகட்டும் என்று எங்களுக்கு ஆலோசனை சொன்னவரும் அவரே. எங்கள் கோயிலிலும் அந்தச் சாதிக் குடும்பங்கள் கடைசி வாங்கில், பின்வாங்கில்தான், இருந்தன. தோட்டக்காரரோ தன் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய், தன் மகளைத் தானே கையில் பிடித்து, அந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருத்திவிட்டு வந்தார். அதன்பிறகு அவருடைய சொந்தக்காரர் அவர் வீட்டில் கைநனைக்கவில்லை.

தேர்தலுக்கு முந்திய கிழமை ஜெபக்கூட்டத்தில் போதகர் என்னை ஜெபிக்கச் சொன்னார். சபையின் மகனைப் பேர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்புக்கொடுக்க வேண்டும் என்றார். நான் முழந்தாளிட்டேன். நாட்டுக்காகவும், ஏழைகளுக்காகவும், மழைக்காகவும் ஜெபித்தேன். அந்தப் பேர் மட்டும் வாயில் வரவில்லை. 'ஆமென்' என்ற குரல்கள் தயங்கித் தயங்கி வந்தன.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார்.

"நீர் ஏன் அவரின்ரை பேரைச் சொல்லேல்லை?"

வாயில் வரவில்லை என்றேன்.

"எங்கடை பள்ளிக்கூடத்தை மூடினால் நாங்கள் எங்கை போறது? அவர் எங்கடை ஆள்."

"பின்வாங்கிலை இருக்கிற சனமும் எங்கடை ஆக்கள்தானே?"

அன்றிலிருந்து விபூதி பூசுகிற ஒருவருக்காகக் கிறிஸ்துவின் பிள்ளைகளை நான் கைவிடுகிறேனோ என்று பயந்தேன். மறுபக்கம் திரும்பினால், சொந்தப் பயத்துக்காக நியாயத்தைக் கைவிடுகிறேனோ என்ற பயம். எந்தப் பயம் கர்த்தர் தந்தது, எது என் பலவீனம் என்று பிரித்தறிய முடியவில்லை.

வாக்களிப்பு நாளன்று அப்புக்காத்தரின் கார் சபைப் பெண்களை ஏற்ற வீட்டு வாசல்களில் படலை படலையாக வந்தது. நானும் ஏறினேன். வழியில் பின்வாங்குக் குடும்பங்கள் நடந்து போவதைக் கண்டோம். அவர்களில் ஒருத்தி என் வகுப்புப் பிள்ளையின் தாய். காரை நிறுத்திக் கூப்பிட்டபோது, வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு நடந்தாள்.

மறைப்புக்குப் பின்னால் இரண்டு பெட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கையில் இருந்த கடதாசியை பச்சைப் பெட்டியில் போட்டேன். வெளியே வந்து திரும்பவும் அதே காரில் ஏறியபோது, என் முகத்திலேயே எல்லாம் எழுதியிருப்பது போலிருந்தது.

தோட்டக்காரர் வென்றார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கூட்டம் கூடியது. காரில் ஏறாமல் நடந்து போனவர்கள்தான் சபைக்குத் துரோகம் செய்தவர்கள் என்று டீக்கன்மாரில் ஒருவர் சொன்னார். அவர்கள் மனந்திரும்பும்வரை திருவிருந்து கொடுக்கக் கூடாது என்றும் கேட்டார். பலர் தலையாட்டினார்கள். பின்வாங்கில் இருந்து அந்தத் தாய் எழும்பினாள்.

"நாங்கள் ஆருக்குப் போட்டனாங்கள் எண்டு ஒருத்தரும் பாக்கேல்லை, ஐயா."

சொல்லிவிட்டு அவள் இருக்காமல் நின்றாள். கணவர் போதகருக்குப் பக்கத்தில் இருந்தார். அவரைப் பார்த்தால் எழும்ப மாட்டேன் என்று தெரிந்ததால், பார்க்காமலே எழும்பினேன்.

"ஐயா, நானும் பச்சைப் பெட்டியிலைதான் போட்டனான். அவைக்கு இல்லாட்டில் எனக்கும் திருவிருந்து வேண்டாம்."

முன்வாங்கில் இருந்த அப்புக்காத்தர் திரும்பி என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு போதகரிடம், "என்ரை பேராலை இதைச் செய்ய வேண்டாம், ஐயா" என்று சொல்லிவிட்டுச் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அந்தக் கதை அத்தோடு விடப்பட்டது. திருவிருந்து எல்லாருக்கும் கிடைத்தது. ஆனால் அவர் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவேயில்லை.

சில நாட்கள் கழித்துக் கணவர் ஒரு பின்னேரம் கிணற்றடியில் நின்றபடி, "எனக்கு முதலே சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொல்லியிருந்தால் விட்டிருப்பியளோ?"

அவர் "இல்லை" என்றார். அந்த மாதமே காரியதரிசிப் பொறுப்பை விட்டுவிட்டார். யாரும் விடச் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் மூடப்படவில்லை. புதிய அங்கத்தவர் சொன்னதில் கொஞ்சம் செய்தார், மிச்சத்தை மறந்துபோனார். நான் செய்தது சரிதான் என்று நிம்மதியாக இருந்த வேளையில், அந்தத் தாய் மகளைக் கூட்டிப்போக ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"ரீச்சர், நீங்கள் எங்களுக்காகக் கதைச்சது பெரிய காரியந்தான். ஆனால் நான் சிவப்பிலைதான் போட்டனான். நீங்கள் 'நானும்' எண்டு சொன்ன பிறகு, இனி நான் சொன்னாலும் ஒருத்தரும் நம்பாயினம்."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். அவளிடம் நான் ஒரு வார்த்தையும் கேட்டிருக்கவில்லை.