ஓகே சொல்லாத நாற்காலி

“உங்க வீட்டுல யாராச்சும் பிளேன்ல ஜன்னல் சீட்டுல உட்கார்ந்திருக்காங்களாம்மா? நீ ரேடியோவுல உட்காரணுங்கிற.”

தூத்துக்குடிக்காரரான என் சூப்பர்வைசர் கேட்டார். “அப்பா உட்கார்ந்திருக்கார் சார், நடு சீட்டுல” என்றேன். அப்பா அபுதாபி முசஃபாவில் வெல்டர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

எங்கள் விமான நிலையம் ஒரு தனியாருடையது. பாலைவனத்தில் ஒரே ஓடுபாதை, இரண்டு கொட்டகைகள். சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருப்பவர்கள் யாரும் இறங்கலாம். நான் அவர்களுக்கு பில் போட்டுக்கொண்டிருந்தேன். விமானிகளோடு பேசும் ரேடியோ வேலைக்கான பரீட்சையில் தேறிய பிறகு, அந்த நாற்காலியைச் சோதனைக்காகக் கொடுத்தார்கள். ஒரு புகார் வந்தாலும் மறுபடி பில் கவுண்டர்தான்.

இங்கே கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லை. காற்று எப்படி, பாதையில் என்ன இருக்கிறது என்று மட்டும் நாங்கள் சொல்வோம். இறங்கலாம் என்று சொல்லும் அதிகாரம் எங்களுக்குக் கிடையாது. முடிவு விமானியுடையது. எனக்கு முன்னால் இருந்தவரோ, யார் கேட்டாலும் “ஓகே சார்” என்று சொல்லிப் பழக்கிவைத்திருந்தார்.

ஒரு காலை, காற்று ஓடுபாதையில் மணலைக் கொட்டியிருந்தது. கூட்டும் வண்டி இன்னும் பாதையில் நின்றது. வாடிக்கையான ஒரு விமானி வானத்திலிருந்து அழைத்தார். காற்றைச் சொன்னேன், மணலைச் சொன்னேன், வண்டியைச் சொன்னேன். “சரி, ஓகேதானே?” என்றார். மறுபடியும் அதையே சொன்னேன். வாக்கி டாக்கியில் வண்டிக்காரரை “பாய், ஜல்தி” என்று விரட்டினேன். விமானி ஒரு சுற்றுச் சுற்றி, வண்டி விலகியதும் இறங்கினார். நேராக சூப்பர்வைசர் அறைக்குள் போனார்.

அவர் வெளியே போனதும் சூப்பர்வைசரிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது.

“ஒரு ஓகே சொன்னா உனக்கு என்னம்மா குறைஞ்சிடும்? கேம்ப்ல, சைட்ல எல்லாரும் ஓகே சார்னு சொல்லித்தானே பொழைக்கிறோம்?”

“பாதையில நம்ம ஆளு வண்டிக்குள்ள இருந்தாரு சார்.”

“கலாஸ், முடிஞ்சுது. நாளையிலிருந்து பில் கவுண்டர்.”

“சரி சார். ஓகே சொல்லாததுக்குத்தான் மாத்துறீங்கன்னு ஓனருக்கு ஒரு மெயில் போட்டுருங்க. எனக்கும் ஒரு காப்பி.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வாய் மட்டும் நல்லா படிச்சிருக்கு.”

மெயில் வரவில்லை. மறுநாள் நான் பில் கவுண்டரைத் தாண்டிப் போய் ரேடியோ முன்னால் உட்கார்ந்தேன். எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை. அன்று முதல், ஓகே கேட்பவர்களிடம் சூப்பர்வைசரே “அது உங்க முடிவு சார்” என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்.

முடிவு எடுக்கும் இடம் விமானத்துக்குள் இருக்கிறது. போன வாரம் லீவு போட்டு, மாணவ விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதனைக்குப் போனேன். கண், காது, இதயம் எல்லாம் சரி என்றார்கள். விமானம் ஓட்டும் முதல் வகுப்பு ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. விமானி உட்காரும் இடப்பக்க ஜன்னல் இருக்கையில்தான் உட்கார்ந்தேன்.