பொம்மைக்கு அளவு கொடுக்க ஓசூர் போனேன்

காலை ஆறு மணிக்கு ஜவளகிரி பஸ் நிறுத்தத்தில் நின்றேன். ராத்திரி யானை இறங்கின ராகிக் கொல்லையை நாலு பேர் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்க்கவில்லை. எனக்கு ஓசூரில் வேலை இருந்தது. மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட பட்டுச்சேலை கட்டியிருந்தேன். காலில் புதுச் செருப்பு. என்னைக் கூப்பிட்டிருப்பது கம்பெனி. கம்பெனிக்குப் போகிறவள் கசங்கின சேலையிலா போவாள்?

எதற்குப் போனேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லம்மா என் ஓரகத்தி, என் கொழுந்தன் மனைவி. மூன்று மாதத்துக்கு முன்னால் மகன் மஞ்சுநாத் ஓட்டின ஸ்கூட்டரில், பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, தளிச் சந்தையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். ஊருக்கு முன்னால் ஒரு வேகத்தடை. வண்டி அதில் ஏறி இறங்கியதும் விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பு உடைந்தது.

"நாப்பதுல வந்தான், பாவி" என்பாள் எல்லம்மா.

"இருவத்தஞ்சுலதான் வந்தேன். அம்மா சரியா புடிச்சுக்கல" என்பான் மஞ்சு.

இதையே சொல்லிச் சொல்லிக் கடைசியில் தாய்க்கும் பிள்ளைக்கும் பேச்சே நின்றுபோனது. அவன் ஓசூரில் அறை எடுத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை மாத்திரை வாங்கி வந்தால் வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவான். அவள் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள்.

மஞ்சு வேலை செய்யும் கம்பெனிக்கு அடுத்த கட்டிடத்தில் புது ஸ்கூட்டர்களுக்கு வரைபடம் போடுகிற ஒரு ஆபீஸ் இருக்கிறது. வண்டியைச் செய்வதற்கு முன்பே கம்ப்யூட்டருக்குள் ஓட்டிப் பார்ப்பார்களாம். பின்னால் ஒரு பொம்மை மனுஷியை உட்காரவைத்து, விழுகிறாளா நிற்கிறாளா என்று பார்ப்பார்களாம். அந்தப் பொம்மைக்கு அளவு கொடுக்க, சேலை கட்டி ஒருபக்கமாக உட்காரும் வயதான பெண்கள் வேண்டும் என்றார்களாம். மஞ்சு போனில் சொன்னதும் ஒத்துக்கொண்டேன். எல்லம்மாவும் நானும் ஒரே உயரம், ஒரே கனம். அவள் ரவிக்கை எனக்குச் சேரும். நான் உட்கார்ந்தால் அவள் உட்கார்ந்த மாதிரிதான். இருபத்தைந்தா, நாற்பதா, அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியே சொல்லட்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஏழு மணிக்குத் தளியில் பஸ் மாறினேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ். ஆனாலும் கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துத்தான் விடுகிறார். அங்கிருந்து ஓசூருக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். பக்கத்தில் கொத்தமல்லிக் கட்டுகளோடு ஒரு பெண் நெருக்கி உட்கார்ந்தாள். என் சேலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"எந்த ஊர்ல கண்ணாலங்க?"

"கண்ணாலம் இல்ல. ஓசூர்ல என்னைக் கம்ப்யூட்டர்ல ஏத்தறாங்க."

"ஏத்தி?"

"ஏத்தி, கீழ தள்ளிப் பார்ப்பாங்களாம்."

"அதுக்குப் பட்டு எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, பேளகொண்டப்பள்ளி வரைக்கும் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வழியெல்லாம் ரோஜா வளர்க்கிற வெள்ளைப் பிளாஸ்டிக் கொட்டகைகள். நடுநடுவே மனை விற்பனைக் கொடிகள். எதிரே வரிசையாகக் கம்பெனி பஸ்கள், உள்ளே ராத்திரி ஷிப்ட் முடித்துத் தலை சாய்ந்து தூங்குகிற பிள்ளைகள்.

எட்டரைக்கு ஓசூர் பஸ் நிலையம். மஞ்சு அதே ஸ்கூட்டரோடு நின்றான். பதினைந்து ரூபாய் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"பெரியம்மா, தெனம் கட்டற பொடவையில வாங்க, சந்தைக்கு எடுத்துட்டுப் போற பையோட வாங்கன்னு சொன்னனே? அந்த மேடம் அதத்தான் கேட்டாங்க."

"கம்பெனிக்கு எப்படி வரணும்னு நீ எனக்குக் கத்துக்குடு."

அவன் ஒரு ஹெல்மெட்டை நீட்டினான். பட்டுக்கு மேல் ஹெல்மெட்டும் ஏறியது. ஒருபக்கமாக உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். சிப்காட் போகும்வரை லாரிகளுக்கு நடுவே மாட்டுவண்டி மாதிரி ஓட்டினான். பின்னால் வந்தவன் ஒருத்தன் கன்னடத்தில் திட்டிவிட்டுப் போனான்.

வாசலில் வாட்ச்மேன் ஒரு நோட்டைத் திறந்து வைத்து, "ரேகை வைக்கறீங்களாம்மா?" என்று மை டப்பாவைத் தள்ளினார். நான் பேனாவைக் கேட்டு வாங்கி, ராஜம்மா என்று நாலு எழுத்தையும் மெதுவாக எழுதினேன். பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும்.

மஞ்சு ஷிப்டுக்குப் போய்விட்டான். என்னை உள்ளே அழைத்துப்போனவள் ஜெசிந்தா, மத்திகிரிப் பெண், அங்கே இன்ஜினியர். கூடவே முத்துக்குமார் என்று ஒரு திருநெல்வேலிப் பையன். பெரிய அறையின் நடுவில் சக்கரமே இல்லாத ஸ்கூட்டர் ஒன்றைத் தரையோடு முடுக்கியிருந்தார்கள். சுற்றிலும் கேமராக்கள். என் தோள், முழங்கை, முழங்கால், கணுக்கால் எல்லாவற்றிலும் சுண்டைக்காய் அளவு வெள்ளை உருண்டைகளை ஜெசிந்தா ஒட்டினாள். முத்துக்குமார் ஓட்டுகிறவன் இடத்தில் உட்கார்ந்துகொண்டான்.

"ஏறுங்க ஆச்சி. வீட்டுல எப்படி உக்காருவீங்களோ அப்படி உக்காருங்க."

"யாருக்கு ஆச்சி? உன்னை நான் இப்பத்தான பார்க்கறேன்."

ஏறி உட்கார்ந்தேன். முதுகை நிமிர்த்திக்கொண்டேன். முன்பின் தெரியாத பையன் தோளைத் தொடுவதா? பின்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். முன்றானையை இழுத்துவிட்டு, கேமராவை நேராகப் பார்த்தேன். ஜெசிந்தா ஏதோ கேட்க வாயெடுத்தாள். "எடும்மா" என்றேன். எடுத்தாள்.

பிறகு அது எப்படி வேலை செய்கிறது என்று காட்டினாள். திரையில் என் உடம்பு மீன்வலை போட்ட மாதிரி சின்னச் சின்னக் கட்டங்களாக இருந்தது. கண் சிமிட்டுகிற நேரத்தை ஆயிரம் பங்காக வெட்டிக்கொள்கிறார்கள். முதல் பங்கில் ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு தள்ளப்படும், எந்தப் பக்கம் சாயும் என்று கணக்குப் போடுகிறது. அந்த விடையை வைத்துக்கொண்டு அடுத்த பங்குக்குப் போகிறது. வேகத்தடை தாண்டும் அந்த ஒரு நொடிக்கு எத்தனை லட்சம் கணக்கோ! மனுஷன் உட்கார்ந்து போட்டால் ஆயுசு போதாதாம். நான் கேன்டீனில் சாம்பார் சாதம் சாப்பிட்டு வருவதற்குள் அது முடித்துவிட்டது. சாப்பாடு நாற்பது ரூபாய். என்னிடம் வாங்கவில்லை.

ஒரு மணிக்கு ஓட்டிக் காட்டினார்கள். எல்லம்மா விழுந்த வேகத்தடையின் உயரத்தை மஞ்சு முன்பே அளந்து கொடுத்திருந்தான். இருபதில் பொம்மை அசையவில்லை. இருபத்தைந்தில் லேசாகத் துள்ளி உட்கார்ந்தது. முப்பதிலும் அப்படியே. நாற்பதில் விழுந்தது.

அப்படியானால் எல்லம்மா சொன்னது நிஜம். பையன் மூன்று மாதமாக முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறான். இதைப் போய்ச் சொன்னால் அந்த வீட்டுக் கதவு அவனுக்கு அடைந்த மாதிரிதான். சொல்லாமல் இருக்கவும் என்னால் முடியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளத்தானே வந்தேன்?

"இன்னொரு தரம் காட்டு" என்றேன்.

காட்டினாள். இந்தத் தடவை பொம்மை விழுவதைப் பார்க்கவில்லை, உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். மடி காலி. இரண்டு கையும் கம்பியில். முதுகு, கோயில் தேரில் உட்காரவைத்த அம்மன் மாதிரி.

"இது யாரு?"

"நீங்கதாம்மா."

"நான் எந்தக் காலத்துல இப்படி உக்காந்தேன்?"

ஜெசிந்தா பெருமூச்சு விட்டாள். "இதுவரைக்கும் வந்தவங்க எல்லாரும் இப்படித்தாம்மா உக்காந்தாங்க. எல்லாரும் புதுப்பொடவை. பையோட வாங்கன்னா ஒருத்தரும் கொண்டு வரல. நாங்க உள்ள என்ன போடறமோ, அதுக்குத்தான் இது கணக்குப் போடும். நீங்க தெனமும் இப்படித்தான் உக்காருவீங்கன்னு அது நம்பிடுச்சு."

"அப்ப மறுபடியும் எடு."

"இன்னைக்கு முடியாதும்மா. கம்ப்யூட்டர்ல அடுத்த வேலை வரிசையில நிக்குது. வர்ற வாரம்..."

"வரிசையில என்னையும் சேர்த்து நிறுத்து. நான் எடுத்துட்டுத்தான் போவேன்."

சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெசிந்தா எழுந்து உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தாள். "மூணு மணிக்கு மேல ஒரு இடம் இருக்குது" என்றாள்.

கேன்டீனில் பாத்திரம் தேய்க்கும் நாகவேணியிடம் மாற்றுச் சேலை இருந்தது. வழுவழு என்ற பாலியஸ்டர், தினம் நான் கட்டுகிற மாதிரியே. அதைக் கேட்டுக் கட்டிக்கொண்டேன். அவள் தேய்ந்த ரப்பர் செருப்பையும் போட்டுக்கொண்டேன். என் பட்டு அவள் மடியில் இருந்தது. "கெடக்கட்டும், நான் பார்த்துக்கறேன் போக்கா" என்றாள். அங்கேயே ஒரு கட்டைப்பையில் ஐந்து கிலோ வெங்காயம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். எல்லம்மா அன்றைக்கு அவ்வளவு தக்காளிதான் வைத்திருந்தாள். ஏறி உட்கார்ந்தேன்.

"ஆச்சின்னுதான கூப்ட்ட? அப்ப தோளைக் குடு."

முத்துக்குமார் சிரித்துவிட்டான். "புடிச்சிக்கிடுங்க ஆச்சி."

ஒரு கை அவன் தோளில், ஒரு கை பையில். கால் வைக்கிற பலகை எனக்கு எட்டவில்லை, விரல் நுனி மட்டும் பட்டது. நான் குட்டை. எல்லம்மாவும் அப்படித்தான். தினமும் இப்படித்தான் போகிறோம். அதை வெளியே சொல்ல ஒரு வெட்கம்.

நாலரைக்குக் கணக்கு முடிந்தது. இருபதில் பொம்மை சறுக்கியது, விழவில்லை. இருபத்தைந்தில் முதலில் விரல் பலகையை விட்டது. மடியிலிருந்த பை முன்னால் போனது. பைக்குப் பின்னால் இடுப்பு போனது. இடது பக்கமாக விழுந்தது. எல்லம்மா விழுந்ததும் இடது பக்கம்தான். பிறகு முத்துக்குமார் திரையிலேயே அந்தப் பலகையை நாலு விரல் உயர்த்தி, கொஞ்சம் அகலப்படுத்தினான். அதே பை, அதே பாலியஸ்டர், முப்பது வேகம். பொம்மை துள்ளியது. ஆனால் உட்கார்ந்தே இருந்தது.

"அப்ப பையன் இருவத்தஞ்சுலதான் வந்திருக்கான்" என்றேன்.

ஜெசிந்தா தலையை ஆட்டினாள். "அத இது சொல்லாதும்மா. இருவத்தஞ்சுல வந்திருந்தாலும் விழலாம். அது மட்டும்தான் தெரியுது. அவர் எவ்வளவுல வந்தாருன்னு நாங்க உள்ள போடவும் இல்ல, அதுக்குத் தெரியவும் தெரியாது."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இவ்வளவு செய்த பெட்டி இதைச் சொல்லக்கூடாதா? ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்தப் பெண்ணின் மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அந்தப் பலகையை வண்டியில் மாற்றுவார்களா என்று கேட்டேன். முதலில் வந்தவர்களை எல்லாம் மறுபடி அழைத்து, பையோடு உட்காரவைத்து, அளவெடுத்துவிட்டுத்தான் மேலதிகாரிகளுக்கு எழுதுவேன் என்றாள். "விட்டுடாத" என்று சொல்லிவிட்டு, பட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஐந்தரைக்கு மஞ்சு வந்தான். வண்டியை அணைக்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டான்.

"பொம்மை என்னா சொல்லிச்சு, பெரியம்மா?"

"வூட்டுக்கு வா. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தடவதான் சொல்லுவேன்."

"பஸ் ஏத்தி வுடறேன்."

"நான் இந்த வண்டியிலதான் வரப்போறேன்."

தளி தாண்டும்போது விளக்கு போட்டுவிட்டார்கள். ஊருக்கு முன்னால் அந்த வேகத்தடை வந்தது. மஞ்சு வண்டியை நிறுத்தியே விட்டான். நான் இறங்கி, புதுச் செருப்போடு அதைத் தாண்டி நடந்து, அந்தப் பக்கம் போய் ஏறிக்கொண்டேன்.

எல்லம்மா வாக்கரைப் பிடித்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மஞ்சு வழக்கம்போல வாசற்படியிலேயே நின்றான். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். முதலில் பட்டில் உட்கார்ந்ததையும், நாற்பதில் விழுந்ததையும் மறைக்கவில்லை. ஜெசிந்தா கடைசியில் சொன்னதையும் அப்படியே சொன்னேன். எல்லம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"காலு எட்டலன்னு நான் சொன்னா ஒருத்தரும் கேக்கல. பொட்டி சொன்னா கேக்கறீங்க" என்றாள்.

"நீ எப்படி சொன்ன? நாப்பது நாப்பதுன்னுதான் சொன்ன."

அவள் இடுப்பைத் தடவிக்கொண்டாள். "அந்தப் பொம்மைக்கு வலிச்சுதாக்கா?"

"இல்லடி. அத உள்ள போடல."

எல்லம்மா வாசல் பக்கம் திரும்பினாள். தான் விழுந்த அன்றைக்கு அவன் சொன்னதையே இன்றைக்கும் சொல்லப்போகிறான் என்று அவளுக்கும் தெரியும்.

"டேய் மஞ்சு, நெஜமா எவ்வளவுலடா வந்த?"

"இருவத்தஞ்சுலம்மா."

"செரி. செருப்ப கழட்டிட்டு உள்ள வா."