ஆடிட் நாளில் மட்டும் சுற்றிய ஃபேன்

வியாசர்பாடி ரமாபாய்க்கு மூக்குக்குள் ஓட்டை. நடுத்தடுப்பு அரித்துப்போய், இந்தப் பக்கம் விட்ட நூல் அந்தப் பக்கம் வரும். பிறவிக் கோளாறு இல்லை. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட். விமானத்துக்குப் போகும் அலுமினியப் பாகங்கள் அரித்துப்போகாமல் இருக்க, அங்கே குரோமிக் அமிலத் தொட்டியில் முக்கிக் கரண்ட் கொடுக்கிறார்கள். அந்தத் தொட்டி ஓரம் வருஷக்கணக்காக நின்று வாங்கிய ஓட்டை அது. விமானம் அரித்துப்போகக் கூடாது, ரமாபாய் அரித்துப்போகலாம்.

அமிலப் புகையை உறிஞ்சத் தொட்டிக்கு மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தது. கரண்ட் பில் ஏறுமென்று சுவிட்ச் பெட்டியைப் பூட்டி, சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிந்தார் சூப்பர்வைசர் அம்புரோஸ். வெளிநாட்டு விமானக் கம்பெனி ஆள் ஆடிட்டுக்கு வந்தால் மட்டும் ஃபேன் சுற்றும். அன்றைக்கு, கையில் புண்ணும் மூக்கில் ரத்தமுமாக இருக்கும் பழைய பெண்களை வேனில் ஏற்றி எண்ணூர் கடற்கரைக்கு அனுப்பிவிடுவார்கள். ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம். அவர்கள் இடத்தில் ஆபீஸ் பெண்கள் புது கிளவுஸோடு நிற்பார்கள். ஷெட்டில் இதற்குப் பெயர் 'பிக்னிக்'.

இந்த முறையும் போனார்கள். கூட வேலை செய்யும் அஜீசா பொட்டலத்தைப் பிரித்து, "இன்னா வாசன யக்கா!" என்றாள்.

ரமாபாய் முகர்ந்தார். ஒரு பிடி அள்ளி மூக்கருகே வைத்துப் பார்த்தார். ஒன்றுமே வரவில்லை.

"உனுக்கு மெய்யாலுமே வாசன வருதா?"

"தூக்குது யக்கா. ஏன், உனுக்கு வர்லியா?"

ரமாபாய் பொட்டலத்தை மூடினார். தின்னாமல் தள்ளி வைத்தார்.

அந்த நேரம் பார்த்து டிரைவருக்கு அம்புரோஸிடமிருந்து போன். ஆடிட் ஆள் தன் கண்ணெதிரே ஒரு லாட் பாகங்களைத் தொட்டியில் ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டார். ஆபீஸ் பெண்கள் கரண்ட் பாயும் கிளாம்ப்பை லூசாக மாட்டியதில் பாகங்கள் கருகிவிட்டன. ரமாபாய் உடனே வர வேண்டும்.

ஷெட் வாசலில் அம்புரோஸ் வேர்த்து நின்றார். "சீக்கிரம் வாம்மே, உள்ள அந்தாளு காத்துகினு கீறான்."

"ஃபேனு பொட்டி சாவியக் குடு."

"அதான் சுத்திகினு கீதே!"

"இன்னிக்கி அவனுக்கு சுத்துது. நாளைக்கி எனுக்கு சுத்தணும். சாவி எங்கையில இருக்கணும்."

"இப்பப் போயி பேஜாரு பண்றியே. ஓனராண்ட பேசறேன்."

"எத்தினி வாட்டி டபாய்ப்ப? வாசனயே தெரியாதவளுக்கு பிரியாணி வாங்கித் தர்றியே, வெக்கமா இல்ல?"

வேனிலிருந்த ஒருத்தியும் இறங்கவில்லை. "யக்காவுக்கு சாவியக் குடு நைனா, தானா எறங்கிடுவோம்," என்று அஜீசா ஜன்னலிலிருந்து குரல் கொடுத்தாள். உள்ளே ஓனர் கத்தும் சத்தம் கேட்டது. அம்புரோஸ் சாவியைக் கழற்றினார்.

ரமாபாய் கிளாம்ப்பை இறுக்கி லாட்டை ஓட்டிக் கொடுத்தார். ஆடிட் ஆள் பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரமாபாயின் கைப்புண்ணையும் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி பாகத்துக்கே போய்விட்டார்.

மறுநாள் காலை ஃபேன் பெட்டியைத் திறந்தால் ஃபியூஸைக் காணோம். அம்புரோஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ரமாபாய் கேட்டுக்கு வெளியே போய், இரும்பு லாரிகள் கிளப்பும் புழுதியில் உட்கார்ந்தார். மற்றவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். மத்தியானம் சரக்கு எடுக்க வண்டி வந்தது. ஏற்ற ஒரு பாகம்கூட இல்லை. அதற்குப் பிறகுதான் ஓனரின் மேஜை டிராயரிலிருந்து ஃபியூஸ் வந்தது. ஃபேன் சுற்றியது.

"இப்ப சந்தோஷமா?" என்றார் அம்புரோஸ்.

"மொத நாளே போட வேண்டிய ஃபேன இன்னிக்கி போட்டுட்டு சந்தோஷமானு கேக்கறியா? போய்யா கஸ்மாலம்!"

அடுத்த லாட்டைத் தொட்டியில் இறக்கினார். சாவியைத் திருப்பித் தரவில்லை.