ஒட்டுப் போட்ட கப்பு

எங்கள் ஒர்க்ஷாப் பெயிண்டரைப் பற்றி எழுதச் சொன்னால் எல்லாரும் அவன் கையைப் பற்றித்தான் எழுதுவார்கள். நான் அவன் வயிற்றெரிச்சலைப் பற்றி எழுதுகிறேன். அதை என்னளவுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் கிடையாது.

நான் டிங்கர். அடிபட்டு வருகிற வண்டியின் தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிறவன். நான் நிமிர்த்தி முடித்த பிறகுதான் அவன் பள்ளம் மறையப் பட்டி வைத்து, தேய்த்து, பெயிண்ட் அடிப்பான். வண்டி எடுக்க வருகிறவர்கள் கதவைத் தடவிப் பார்த்து, "என்ன ஒரு ஃபினிஷிங்!" என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். அப்பளம் மாதிரி நொறுங்கிக் கிடந்ததைக் கதவாக்கியது யார் என்று ஒருத்தனும் கேட்டதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டுதான் வரும். ஆனாலும் பொறாமையில் அவன் எனக்கு வாத்தியார்.

காலையெல்லாம் தின்னர் வாசனையில் நிற்கிறவன். டீ வருகிற நேரம்தான் அவனுக்கு மூக்கு திரும்பக் கிடைக்கிற நேரம். நாங்கள் கிளாஸை வாங்கிய வேகத்தில் வாயில் கவிழ்த்துக்கொள்வோம். அவன் பெயிண்ட் கையைத் துடைத்து, கிளாஸை விளிம்பில் பிடித்து, முதலில் முகர்ந்து பார்ப்பான். அப்புறம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "பால் கொஞ்சம் கூடிப்போச்சு" என்பான். சரியாகவே இருக்கும். அப்படியே கண் என் கிளாஸுக்குத் தாவும்.

"யோவ், உனக்கு மட்டும் எப்படிய்யா இவ்வளவு நுரை?"

"உன் கண்ணு படறதுக்குன்னே ஊத்திக் குடுத்திருக்கான். குடிய்யா."

இவ்வளவு ரசித்து டீ குடிக்கிறவனுக்கு வீட்டில் எதில் தெரியுமா டீ? ஒடுங்கிப்போன ஒரு எவர்சில்வர் டம்ளரில். வீட்டில் கப்பு இல்லாமல் இல்லை. கண்ணாடி அலமாரியில் ஆறு கப்பு, ஆறு சாசர். வெள்ளைப் பீங்கான், வெளிச்சத்தில் வைத்தால் விரல் நிழல் தெரிகிற மெல்லிசு, விளிம்பிலும் கைப்பிடியிலும் நீலக் கோடு. மகளைப் பெண் பார்க்க வந்தபோது அவன் பெண்டாட்டி வாங்கியது. கல்யாணம் முடிந்து மகள் போய்விட்டாள். கப்புகள் அலமாரியை விட்டு இறங்குவது மாப்பிள்ளை வரும்போது மட்டும்தான்.

"நான் கேட்டா, உங்க கை முரட்டுக் கை, உடைச்சிடுவீங்கங்கறா" என்று புலம்புவான். "வண்டி மேல ஒத்தை மயிரு பிரஷ்ஷுல கோடு இழுக்கற கைய்யா இது! அந்த மாப்பிள்ளை ஒழுங்கா குடிச்சாலும் பரவாயில்ல. போனைப் பாத்துக்கிட்டே ஆறப் போட்டு, ஏடு கட்டினதும் மடக்குன்னு ஊத்திக்கிறான். குடிச்சது டீயா கஷாயமான்னு கேட்டா அவனுக்குச் சொல்லத் தெரியாது. அவனுக்குப் போய் சாசரோட!"

மாப்பிள்ளை மருந்துக் கடையில் வேலை பார்க்கிற சாதுவான பையன். ஒரு வம்பு தும்புக்கும் போகாதவன். அதுவே இவனுக்கு இன்னும் எரிச்சல். திட்டவும் காரணம் கிடைக்கவில்லை.

போன மாதம் ஒரு நாள் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து என் முன்னால் பிரித்தான். கப்பு ஒன்று, கைப்பிடி தனியே.

"தூசி தட்டும்போது அவளே போட்டுட்டா. நான் தொட்டிருந்தா வீடே ரெண்டாயிருக்கும். இப்ப என்னடான்னா, நீங்கதான் பெரிய பெயிண்டராச்சே, மாப்பிள்ளை வர்றதுக்குள்ள சரி பண்ணிக் குடுங்கன்றா."

"நல்லதாப் போச்சு. ஒப்புக்கு ஒட்டிக் குடு. மாப்பிள்ளை மடியில கொட்டட்டும்."

"வாய மூடு. என் கையில இருந்து போற சாமான்ல ஒட்டு தெரியலாமா?"

மதியச் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்தான். இரண்டு டியூப் பசையைக் குழைத்து ஒட்டினான். பட்டியை நகத்தால் எடுத்து வைத்து, வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டுத் தேய்த்தான். வெள்ளையில் ஊசி முனை மஞ்சள் சேர்த்தான். பிடிக்கவில்லை, கறுப்பில் ஒரு பொட்டு விட்டான். பெயிண்ட் காய வைக்கிற விளக்குக்குக் கீழே அந்தக் கப்பை வைத்துவிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த மாதிரி போய்ப் போய்த் தொட்டுப் பார்த்தான். கடைசியில் நீலக் கோடு இழுத்தான். முதலாளியே வந்து திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன ஒரு ஃபினிஷிங்!" என்றார். நான் சுத்தியலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

சாயங்காலம் என்னிடம் வந்தான். "ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வர்றான். நீயும் வாய்யா. அவன என் பெண்டாட்டி எப்படி விழுந்து விழுந்து கவனிக்கிறான்னு உன் கண்ணால பாரு. நான் இட்டுக்கட்டிப் பேசறேன்னு நினைக்கிறே."

போனேன். அவன் சொன்னதில் பொய்யில்லை. நல்ல நாற்காலி மாப்பிள்ளைக்கு. மின்விசிறி அவர் பக்கம் திருப்பியிருந்தது. மேஜையில் துணி விரித்து ஆறு கப்பையும் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். ஓரத்தில் இவனுடைய டம்ளர். இவன் என் தொடையில் இடித்து, பார்த்தாயா என்று கண்ணைக் காட்டினான்.

அவன் மனைவி கெட்டிலைத் தூக்கினாள். அப்போதுதான் இவனுக்கு முகம் மாறியது.

"ஏய், இரு இரு. அந்தப் பசை சூட்டுல நிக்குமான்னு நான் பாக்கவே இல்ல."

எங்கள் தொழிலில் பெயிண்டை வெயிலுக்குப் பார்ப்போம், மழைக்குப் பார்ப்போம். பம்பர் மேல் கொதிக்கிற டீயை யார் ஊற்றப்போகிறார்கள்? அந்த நினைப்பே இவனுக்கு வரவில்லை, எனக்கும் வரவில்லை.

"சரி, எந்தக் கப்புன்னு சொல்லுங்க. அத எடுத்து ஓரமா வச்சிடறேன்."

குனிந்து பார்த்தான். ஒவ்வொன்றாகத் தூக்கி ஜன்னலுக்குக் கொண்டுபோனான். திருப்பினான். திரும்ப வந்து மறுபடி முதலிலிருந்து பார்த்தான்.

"தெரியல" என்றான். அதில் பாதி அவமானம், பாதி பெருமை.

"நீங்க ஒட்டினது உங்களுக்கே தெரியலையாப்பா?" மகள் சிரித்தாள்.

மாப்பிள்ளை போனைக் கீழே வைத்தார். "பரவாயில்ல மாமா, எனக்கும் டம்ளர்லயே குடுங்க."

பெயிண்டரின் வாயெல்லாம் பல். இத்தனை நாள் அவன் ஆசைப்பட்டது இதற்குத்தானே! ஆனால் அவன் மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது. "அதெப்படி மாப்பிள்ளை, டம்ளர்ல போய்... அண்ணா, நீங்களாவது பாத்துச் சொல்லுங்களேன்."

எனக்கும் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முதலாளி சொன்ன அந்த ஃபினிஷிங் காதிலேயே நின்றது. பெயிண்ட் கண்ணைத்தான் ஏமாற்றும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் என்னைக் கூட்டிப்போவது எதற்கு? தட்டிப் பார்க்க. பட்டி வைத்த இடம் தானாகச் சொல்லும். கப்புகளின் கைப்பிடியை நகத்தால் ஒவ்வொன்றாகச் சுண்டினேன். டிங், டிங், டிங் என்றது. நாலாவது, டொக்.

"இதான்மா."

இவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அன்றைக்கு அடித்த பெயிண்டில் ஆணியால் கீறினவனை அப்படித்தான் பார்ப்பான்.

மாப்பிள்ளைக்கு நல்ல கப்பில் ஊற்றினாள். மகளுக்கு ஊற்றினாள். எனக்கும் சாசரோடு வந்தது. பிறகு என்ன நினைத்தாளோ, டம்ளரைத் தள்ளிவிட்டு அந்த நாலாவது கப்பிலும் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

"நீங்க ஒட்டினத நீங்களே குடிங்க. உங்க மடியில கொட்டினா வீட்டோட போயிடும்."

"இதுலயும் எனக்கு ஒட்டுப் போட்டதுதானா?" என்று முனகினான்.

"கப்ப அடியில புடிங்கப்பா" என்றாள் மகள்.

பிடிப்பானா? இரண்டு விரலால் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினான். அவ்வளவுதான், அவன் மனைவி கெட்டிலை வைத்துவிட்டு ஓடிவந்து கப்புக்குக் கீழே கையை ஏந்திக்கொண்டாள். "மெதுவா... மெதுவாங்க..."

"அத்தை, சர்க்கரை..." என்றார் மாப்பிள்ளை.

"அங்கதான் இருக்கு, போட்டுக்குங்க மாப்பிள்ளை." திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை எழுந்து போய்த் தானே எடுத்துக்கொண்டார்.

கப்பு விளிம்புக்கு மேலே அதை இவன் பார்த்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் குடித்ததை டீ குடிப்பது என்று சொல்ல முடியாது. ஒரு வாய், வைப்பான். யோசிப்பான். மறுபடி தூக்குவான். ஒவ்வொரு தடவையும் அவள் கை கூடவே மேலே போகும், கூடவே கீழே வரும். கல்யாணமான நாளிலிருந்து அவன் முகத்தை அவள் அவ்வளவு நேரம் பார்த்திருப்பாளா என்று எனக்குச் சந்தேகம். டீ பச்சைத் தண்ணீராகியிருக்கும். அவன் அவசரப்படவில்லை.

கைப்பிடி நின்றது. அவள் அதை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள்.

"பரவாயில்லையே! இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

"ம்ம். சூடா ஊத்து" என்றான், மகாராஜா மாதிரி.

அவள் ஊற்றினாள். மறுபடியும் கையை ஏந்திக்கொண்டு நின்றாள். என் கப்பு காலியாகி ரொம்ப நேரமாகியிருந்தது. ஒருத்தரும் கவனிக்கவில்லை.