பாபநாசத்தில் விட்ட சட்டை

வண்ணார்பேட்டையில் எங்களுக்கு ஒரு மாவு மில் இருந்தது. இருந்தது என்ன, இப்போதும் இருக்கிறது. ஷட்டர்தான் இறங்கிக் கிடக்கிறது. என் வீட்டுக்காரர் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அதற்குள்ளேயே கிடப்பார். மிளகாய் வத்தல், மல்லி, கோதுமை என்று எதை அரைத்தாலும் பாதி ஜனங்களின் டப்பாவுக்குப் போகும், மீதி இவர் சட்டைக்கு வரும். அவர் வீட்டுக்குள் கால் வைத்ததுமே நான் அடுக்கடுக்காகத் தும்முவேன்.

"சட்டைய வாசல்லயே கழத்திப் போட்டுட்டு வாங்கன்னு எத்தன மட்டம் சொல்லுதது?" என்று கத்துவேன்.

"ஏளா, ஒனக்கு இது ஓசி மசாலா. கொழம்புக்குத் தனியாப் பொடி போட வேண்டாம்லா," என்பார்.

அந்த மனுஷனுக்கு எதற்கும் கோபம் வராது. எனக்கோ மூக்கு நுனியில் கோபம். இரண்டு பேருக்கும் சேர்த்து நானே கோபப்பட்டுக்கொண்டு முப்பது வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

போன சித்திரையில் ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர், வழக்கம்போல சட்டையை உள்ளே வந்துதான் கழற்றினார். கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினார். "ஒரு செம்புத் தண்ணி கொண்டா" என்றார். நான் தும்மிக்கொண்டே அடுக்களைக்குப் போனேன். செம்போடு திரும்பி வருவதற்குள் தரையில் சரிந்து கிடந்தார். அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதெல்லாம் நம் மனசுக்குத்தான்.

அவருடைய துணிமணிகளை ஆளுக்கொன்றாக எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். எதைக் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்றெல்லாம் எனக்குப் புத்தியில் ஏறவில்லை. துக்கம் விசாரிக்க, துட்டிக்கு ஆள் வந்துகொண்டே இருந்ததால் வாசல் கதவு அத்தனை நாளும் திறந்தே கிடந்தது. பதினாறு கழிந்து, எல்லாரும் போன பிறகு நான் கதவைச் சாத்தினேன். பின்னால் ஆணியில் அந்தச் சட்டை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. நீலக் கட்டம் போட்டது. காலர் கிழிந்ததை நான் கறுப்பு நூலால் தைத்துக் கொடுத்தது. கிட்டே போனேன், தும்மல் வந்தது. அந்தத் தும்மலோடுதான் எனக்கு அழுகையும் வந்தது. அதுவரைக்கும் எல்லாரும் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். பேசட்டும்.

சட்டையைத் துவைக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். தினமும் திறந்தால் வாசம் தீர்ந்துபோகும் என்று ஒரு பயம். அதனால் வெள்ளிக்கிழமை மட்டும் திறப்பேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, அந்த மாதிரி மோந்து பார்ப்பதையும் அளந்துதான் மோந்து பார்த்தேன். இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். புருஷன் இருக்கிற பொம்பளைகள்தான் சிரிப்பீர்கள்.

வீட்டில் என்னோடு என் நாத்தனார் இருந்தாள். அவருக்கு மூத்தவள், நான் மதினி என்று கூப்பிடுவேன். ராதாபுரம் பக்கத்துக்காரர்கள் அவர்கள். தாய் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டதால், தம்பியை இடுப்பில் தூக்கிவைத்து வளர்த்ததே மதினிதான். துட்டிக்கு வந்தவள் ஊருக்குத் திரும்பவில்லை. "ஒன்னத் தனியா விட்டுட்டுப் போனா அவன் என்னக் கேப்பாம்ளா" என்று சொல்லிவிட்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் அப்படியொன்றும் ஒட்டுதல் கிடையாது. அவள் பேச மாட்டாள், நான் நிறுத்த மாட்டேன்.

பாபநாசத்துக்குப் போக வேண்டும் என்று ஆரம்பித்ததும் அவள்தான். எங்கள் பக்கத்தில் அது ஒரு முறை. தாமிரபரணி மலையிலிருந்து இறங்கித் தரையைத் தொடுகிற இடம் பாபநாசம். செத்துப்போனவர் உடுத்தியிருந்த துணி ஒன்றை அங்கே ஆற்றில் விட வேண்டும். விட்டுவிட்டு, முங்கிக் குளித்து, நாம் கட்டியிருப்பதையும் ஆற்றோடு விட்டு, வேறு துணி மாற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறிவிட வேண்டும். இப்படி ஆற்றில் துணி விடாதீர்கள் என்று போர்டு எழுதி வைத்திருக்கிறார்கள். போர்டைப் படித்துவிட்டுத்தான் எல்லாரும் விடுகிறார்கள்.

அமாவாசைக்கு என் மகன் ஓசூரிலிருந்து வந்தான். ஆற்றில் விடுவதற்கு, அவர் தீபாவளிக்கு எடுத்து, பெட்டியில் மிஞ்சிக் கிடந்த வெள்ளைச் சட்டையையும் வேட்டியையும் தேய்த்துப் பையில் வைத்தேன். மதினி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது அவன் உடுத்துனதா?"

"தீவாளிக்கு உடுத்துனாவ."

"ஒரு நா உடுத்துனதா?" என்றாள். திரும்ப மடித்துப் பைக்குள் வைத்தாள். நானும் அதோடு அதை மறந்துவிட்டேன்.

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. அம்பாசமுத்திரம் தாண்டியதும் மலை கிட்டத்தில் வந்துவிட்டது. மேலே மேகம் இறங்கியிருந்தது. கல்யாணமான புதிதில் நாங்கள் இரண்டு பேரும் அங்கே போயிருக்கிறோம். காரையார் அணையில் படகு விட்டிருந்த காலம் அது. அதில் ஏறி பாணதீர்த்தம் அருவிக்குப் போனோம். அவர் தண்ணீரைப் பார்க்காமல் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு, சாமி கும்பிடுகிறவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டே வந்தார். அருவியைப் பார்த்ததும் வாய் வந்துவிட்டது. "இதுக்கும் மேல பூங்குளம்னு ஒரு சொனை இருக்காம்ளா. ஆறு அங்கனதான் பெறக்குதாம். ஒரு நா போயி ஒரு கை தண்ணி அள்ளிக் குடிச்சிட்டு வரணும்" என்றார். அதற்குப் பிறகு வருஷா வருஷம் சொன்னார். மில்லைப் பூட்டத்தான் மனசு வரவில்லை.

அதனால் பாபநாசத்தில் இறங்கியதும் மகனிடம், "மொதல்ல மேல போவோம்லே" என்றேன். ஆட்டோ பிடித்து வனத்துறை செக்போஸ்ட்டுக்குப் போனோம். மதினி பைகளோடு கோவில் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

செக்போஸ்ட்டில் இருந்தவர் நல்ல மாதிரிதான் பேசினார். "சொரிமுத்தையன் கோயிலு வரைக்கும் போலாம்க்கா. அதுக்கு மேல ஒருத்தரையும் விடுததில்ல. போட்டும் இப்பம் ஓடல."

"ஆறு பெறந்த எடத்தப் பாக்கதுக்கு ஆரக் கேக்கணும்?"

"எங்க ஆபீசரக் கேக்கணும்க்கா. அவரே பாத்ததில்ல" என்று சிரித்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தினம் குடிக்கிற தண்ணீர் எங்கே பிறக்கிறது என்று பார்க்காமலே அவரும் போய்விட்டார், நானும் போய்விடுவேன் போலிருக்கிறது என்று கத்தினேன். மகன் என் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினான். "யம்மா, அவரு என்ன செய்வாரு பாவம்" என்றான். அப்படியே அப்பன் குணம்.

படித்துறையில் கூட்டம் நெருக்கியது. ஐயர் மந்திரம் சொல்ல, மகன் எள்ளும் தண்ணீரும் விட்டான். பிண்டத்தை ஆற்றில் போட்டதும் மீன்கள் மொய்த்துக்கொண்டு வந்தன. அவருக்கு என்று உருட்டிய சோறு, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் கண்ணெதிரே தீர்ந்தது. மதினி பையை எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளி இறங்கினாள். முதுகைத் திருப்பிக்கொண்டு எதையோ ஆற்றில் விட்டாள். சட்டையை விடுகிறாள் என்று எனக்குத் தெரியும். பார்க்க முடியாமல் தலையைத் திருப்பிக்கொண்டேன். பிறகு மூன்று பேரும் முங்கி எழுந்தோம்.

கரையேறி, மாற்றுச் சேலையை எடுக்கப் பையைத் திறந்தேன். தேய்த்து மடித்த வெள்ளைச் சட்டை உள்ளேயே இருந்தது, வேட்டியும் இருந்தது. அதற்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் கசங்கிக் கிடந்தது. என் பீரோவில் இருந்த கவர். வாய் அவிழ்ந்து, காலியாக.

"மதினி, எங்க அது?" என்றேன். அவள் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள். "எங்கன்னு கேக்கேன்லா!"

"ஒடம்புல கெடந்ததத்தாம்ளா விடணும்," என்றாள் மெதுவாக. "பொட்டில மடிச்சு வச்சத விட்டா அது அவனுக்குப் போயிச் சேராது."

"நீங்க மனுசிதானா? எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான! கேட்டியளா? ஒரு வார்த்த கேட்டியளா எங்கிட்ட?"

படித்துறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஐயர் தர்ப்பையோடு அப்படியே நின்றார். மகன் "யம்மா, யம்மா" என்று கெஞ்சினான். கவரை மூக்கில் வைத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்றம்தான் வந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதாவது ஒன்றாவது, ஈரச் சேலையோடு மறுபடியும் படியிறங்கி ஓடினேன்.

சற்றுக் கீழே, ஆறு வளைகிற இடத்தில், துப்புரவுக்கு வந்த பெண்கள் மூன்று நான்கு பேர் நின்றார்கள். கம்பு நுனியில் கொக்கி மாட்டி, மிதந்து வருகிற துணிகளை இழுத்துக் கரையில் குவித்துக்கொண்டிருந்தார்கள். என் உயரத்துக்கு ஒரு குவியல். நான் போய் அதற்குள் கையை விட்டேன்.

"என்னக்கா தேடுதீய? லாரி வாற நேரம்" என்றாள் ஒருத்தி.

"எங்க வீட்டுக்காரரு சட்ட."

அவள் தன் வேலையைப் பார்த்தாள். வேட்டிகள், துண்டுகள், பட்டுச் சேலை ஒன்று, கைலிகள், ஒரு சின்னப் பிள்ளையின் கவுன். ஈரத்தில் ஒவ்வொன்றும் கல் கனம் கனத்தது. கவுனைக் கையில் எடுத்தபோது அதைத் திரும்பக் குவியலில் போட மனசு வரவில்லை. பக்கத்தில் ஒரு பாறைமேல் விரித்துவைத்தேன். இதற்கு எவள் எங்கே அழுதுகொண்டிருக்கிறாளோ.

நீலக் கட்டம் கண்ணில் பட்டது. உருவி எடுத்தேன். காலரில் என் கறுப்பு நூல்.

அங்கேயே உட்கார்ந்து முகத்தில் வைத்து அழுத்தினேன். குளிர்ந்த தண்ணீர் வாசம். பாசி வாசம், கொஞ்சம் மண். கைமடிப்பை மோந்தேன், கக்கத்தை மோந்தேன், சட்டைப் பையைப் புரட்டி மோந்தேன். தும்மல் வரவே இல்லை. வரும் வரும் என்று எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. எங்கள் வீட்டுக் கல்லில் முப்பது வருஷம் அடித்துத் துவைத்தும் போகாத வாசம், அந்த ஆற்றில் கால் மணி நேரத்தில் போய்விட்டது. அவர் அன்றைக்குத்தான் எனக்குச் செத்தார்.

பக்கத்தில் யாரோ உட்காரும் சத்தம் கேட்டது. மதினி. அவளும் திரும்பி வந்திருந்தாள், மாற்றுத் துணிகூட உடுத்தாமல். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"கேட்டா தந்துருப்பியா?" என்றாள்.

நான் சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம நீ பீரோவத் தொறந்துக்கிட்டு நிக்கத நான் பாக்கலன்னா நெனச்ச? அன்னைக்கெல்லாம் நீ ஒரு வாய் சோறு திங்க மாட்ட. அவனும் போவ முடியாம, நீயும் இருக்க முடியாம, இதென்ன பொழப்புளா? அவனுக்குப் போயிச் சேரட்டும், நீயும் சோறு திங்கட்டும்னுதான் விட்டேன்." அவள் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "விடதுக்கு முன்னால நானும் ஒருக்க மோந்து பாத்தேன்."

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அறுபது வருஷத்துக்கு முன்னால் அவரை இடுப்பில் தூக்கித் திரிந்தவள், தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட, குளிரில் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தாள். அடக் கடவுளே, எனக்கு மட்டுமா செத்தார் அவர்?

"என்ன வாசம் இருந்துச்சு?" என்றேன்.

"மல்லி. வத்தக் காரம். கழுத்துப்பட்டைல அவன் வேர்வ. சின்னப் புள்ளைல வெளாண்டுட்டு வந்து மடியில படுப்பாம்லா, தலைல ஒரு வேர்வ வாசம் அடிக்கும். அதே வாசம்ளா."

"தும்மல் வந்துச்சா?"

"வந்துச்சு. அடக்கிக்கிட்டேன், நீ கேட்டுருவேன்னு."

சட்டையைப் பிழிந்து அவள் தோளில் போர்த்தினேன். காய்ந்த துணி கையில் இல்லை, இதுவும் ஈரம்தான். ஆனாலும் போர்த்தினேன். மேலே படியில் மகன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

சட்டை இப்போது பீரோவில் இருக்கிறது. மற்றத் துணிகளோடு துணியாக, கவர் இல்லாமல். வெள்ளிக்கிழமைகளில் அதை எடுப்பதில்லை. மதினி வெங்காயம் உரித்துக்கொண்டோ கீரை ஆய்ந்துகொண்டோ இருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என்ன வாசம்னு சொன்னீய?" என்பேன். எத்தனை தடவை கேட்டாலும் அவள் சலிக்க மாட்டாள். மல்லியில் ஆரம்பித்து அந்த வேர்வைவரைக்கும் சொல்லுவாள். பிறகு இரண்டு பேரும் சாப்பிடுவோம்.

மதினிக்கு எழுபது தாண்டிவிட்டது. போன வாரம் கேட்டபோது மல்லியைச் சொன்னாள், வத்தலைச் சொன்னாள், அப்புறம் கொஞ்ச நேரம் யோசித்தாள். வேர்வையை நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.