வேலம்மா சொன்னதும் நான் எழுதியதும்

1. முதல் நாள்

ராஜபாளையத்தில் படகு செய்கிறோம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. "ஒங்க ஊர்ல கடல் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் சிரித்தவள்தான். தண்ணீர்த் தொட்டியும் பாத்ரூம் கதவும் செய்துகொண்டிருந்த ஃபைபர் பட்டறை அது. கண்மாயில் மீன் குத்தகை எடுத்த இரண்டு பேர் வந்து சின்னப் படகு ஒன்று கேட்க, முதலாளி செய்து கொடுத்தார். அன்றிலிருந்து அவருக்குப் படகு ஆசை பிடித்துக்கொண்டது. பட்டறைக்குப் பின்னால் தனிக் கொட்டகை போட்டு, அதற்கு 'போட் செக்‌ஷன்' என்று பெயரும் வைத்துவிட்டார். அங்கே பதினோரு பேருக்கு வேலை. போன் எடுப்பது, பில் போடுவது, ரெசின் பசை, ஃபைபர் விரிப்பு என்று சரக்கு வந்து இறங்கினால் சரிபார்ப்பது எல்லாம் நான். போன வருடம்தான் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தேன். இப்போது கண்காட்சி ஸ்டால்களில் நிற்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எனக்குப் பெருமை சேர்க்கிற கதை இல்லை இது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கண்மாய்க் கரையில் மூன்று நாள் படகு கண்காட்சி வைத்தார்கள். மழைக்காலத்தில் ஊருக்குள் தண்ணீர் புகுந்தால் ஆட்களை மீட்பதற்குப் படகுகள் வாங்கப் போகிறார்கள், செய்கிறவர்கள் கொண்டுவந்து காட்டலாம், பொதுமக்களும் வந்து பார்க்கலாம் என்று அறிவிப்பு. ஐந்தாறு கம்பெனிகள் வந்திருந்தன. எல்லாம் கடற்கரைக் கம்பெனிகள். நாங்கள் மட்டும் டிராக்டர் ட்ரெய்லரில் படகை ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊரிலிருந்து போய் இறங்கினோம்.

பந்தலுக்குள் நுழையும் முன்பு முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஆயிஷாம்மா, ஒளிக்காம சொல்லுதேன். இந்த ஆர்டர் கெடைக்கலேன்னா போட் செக்‌ஷன இழுத்து மூட வேண்டியதுதான். பொறவு பழையபடி தொட்டியும் கதவுந்தான். பதினோரு பேரையும் வச்சுக்கிட ஏலாது. நம்ம ஆளுககிட்ட இப்பச் சொல்லிராதீங்க."

சொல்லிவிட்டு அவர் காபி குடிக்கப் போய்விட்டார். பாரத்தை என் தலையில் இறக்கி வைத்துவிட்டுப் போனதில் அவருக்குக் காபி ருசித்திருக்கும்.

எங்கள் மோல்டர் கருப்பசாமி படகுக்கு வேக்ஸ் போட்டுத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்தப் படகின் மோல்டு, அதாவது ஃபைபரை வார்க்கிற அச்சு, அவன் கையால் செய்தது. "எக்கா, எப்படி மின்னுது பாத்தியளா? மொகம் பாத்துத் தல சீவலாம்" என்றான். ஆமாம்ப்பா என்று சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் நோட்டீஸ்களை அடுக்கினேன்.

2. காலைப் பார்க்கச் சொன்னவர்

கூட்டம் பொருட்காட்சிக்கு வருகிற மாதிரி வந்தது. பாதிப் பேருக்கு இது படகு சவாரி என்று நினைப்பு. "ரவுண்டு எப்பம்மா போவும்? ஆளுக்கு எம்புட்டு?" என்று கேட்டார்கள். சோழபுரத்து விவசாயி ஒருவர் படகைச் சுற்றிச் சுற்றி வந்து விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, இதில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டலாமா என்றார். பிள்ளைகள் மோட்டாரின் ரெக்கையைச் சுற்றிவிட்டு ஓடினார்கள்.

பக்கத்து ஸ்டால்காரர் கடற்கரைப் பக்கத்துக் கம்பெனியின் விற்பனையாளர். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக இருந்தார். படகுத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். என் தவிப்பைப் பார்த்து, கேட்காமலே பாடம் எடுத்தார்.

"மேடம், வர்றவங்க மூஞ்சியப் பாக்காதீங்க, காலப் பாருங்க. ஷூ போட்டிருந்தா எந்திரிச்சு நில்லுங்க. ஹவாய் செருப்புன்னா நோட்டீஸ்கூடக் குடுக்காதீங்க. இவங்கள்லாம் படகு வாங்குற ஆளுங்களா? சும்மா வேடிக்கை."

அவர் படகைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார். எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. மத்தியானத்துக்குள் எங்கள் படகைச் சுற்றியும் நைலான் கயிறு கட்டினேன். நான் போட்டிருந்ததும் ஹவாய் செருப்புதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கண்காட்சி நடத்தியவர்கள் ஒவ்வொரு ஸ்டாலுக்கும் ஒரு நீள நோட்டைக் கொடுத்திருந்தார்கள். பார்வையாளர் கருத்துப் பதிவேடு. கடைசி நாள் மீட்புத் துறை அதிகாரி வந்து அதைப் படித்துப் பார்ப்பார் என்றார்கள். அதைக் கேட்டதும் அந்த நோட்டே எனக்குப் பரீட்சைப் பேப்பர் ஆகிவிட்டது. நம் ஊர் வழக்கம்தான் தெரியுமே, பதிவேட்டை நீட்டினால் எல்லோரும் 'மிக நன்று, வாழ்த்துகள்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். கல்யாண வீட்டில் சாப்பாட்டைக் குறை சொல்லாத மரியாதை அது. போதாததற்கு நானும், "நல்லதா ரெண்டு வரி எழுதுங்க சார்" என்று பேனாவைக் கையில் திணித்தேன். இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் எட்டுப் பக்கம் நிரம்பியது.

3. வேலம்மா

இரண்டாம் நாள் மத்தியானம் மம்சாபுரத்திலிருந்து நாலைந்து பெண்கள் வந்தார்கள். கூலி வேலை செய்கிறவர்கள். அதில் அறுபது வயதிருக்கும் ஒருவர், நான் தடுக்கும் முன்பே கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"தாயி, இதுல நான் ஏறிப் பாக்கட்டா?"

படகு மரக்கட்டைகளின் மேல் நின்றது. அதன் விளிம்பு அவர் நெஞ்சு உயரம். அலை உள்ளே அடிக்கக் கூடாது என்று உயரமாக வைத்திருந்தோம், அதை நோட்டீஸில் பெருமையாகப் போட்டும் இருந்தோம். அவர் சேலையைச் செருகிக்கொண்டு காலைத் தூக்கிப் பார்த்தார். முடியவில்லை. மறுபடியும் முயன்றதில் முழங்கால் விளிம்பில் உரசிச் சிராய்த்துவிட்டது. பக்கத்து ஸ்டால்காரர், "பாட்டி, அது டவுன் பஸ் இல்ல!" என்று சத்தமாகச் சிரித்தார். நான் அவர் மேல் கோபப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது அந்த அம்மாவின் மேல்தான். எங்கள் படகை ஊர் சிரிக்க வைத்துவிட்டாரே என்று.

அவர் சிராய்ப்பை எச்சில் தொட்டுத் தடவிவிட்டு என்னிடம் வந்தார். பெயர் வேலம்மா என்றார்.

"ஒரு மழைக்கு எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி தாயி. படகு வந்துச்சு. இதே மாதிரித்தான், ஏற முடியல. ரெண்டு பேரு கையப் புடிச்சு இழுத்தாவ. ஈரச் சேல, அவுந்து போச்சு. தெருவே பாத்துக்கிட்டு நின்னுச்சு. எனக்குப் பின்னால நின்ன எங்க அண்ணன் பொண்டாட்டி, எங்க மயினி, நான் வரலன்னுட்டு வீட்டுக்குள்ளயே திரும்பிப் போயிட்டா. மறுநா வரைக்கும் கட்டிலு மேல பெஞ்சப் போட்டு உக்காந்திருந்தா."

பிறகு நோட்டைக் காட்டினார். "எனக்கு எழுதத் தெரியாது. நீ எழுது. படி இல்ல, பொம்பளையால ஏற முடியாதுன்னு எழுது."

பேனாவை எடுத்தேன். பதினோரு பேரின் முகமும் ஒவ்வொன்றாக முன்னால் வந்தது. நாளைக்கு அதிகாரி இந்தப் பக்கத்தைத்தான் திருப்புவார் என்று தோன்றியது. 'படகு மிகவும் நன்றாக உள்ளது. வேலம்மா, மம்சாபுரம்' என்று எழுதினேன். கம்பெனி சீலுக்கு வைத்திருந்த மைப்பெட்டியைத் திறந்து நீட்டினேன்.

"சொன்னபடி எழுதிட்டியா தாயி?"

"எழுதிட்டேம்மா."

பெருவிரலை ஊன்றி எடுத்துவிட்டு, மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டார். "நல்லாருப்ப" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் கருப்பசாமியிடம் மெதுவாகக் கேட்டேன், பின்பக்கம் ஒரு படி வைக்க முடியுமா என்று. "மோல்டுலயே படி கெடையாதுக்கா. தனியா மாட்டணும்னா ஓட்ட போடணும். ஓட்ட போட்ட படக எவன் வாங்குவான்?" என்று சிரித்தான். நானும் விட்டுவிட்டேன்.

4. ஒன்பதாம் பக்கம்

மூன்றாம் நாள் அதிகாரி வந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். படகைச் சுற்றிப் பார்த்தார், மோட்டாரைப் பற்றிக் கேட்டார், பிறகு நின்றபடியே பதிவேட்டைப் புரட்ட ஆரம்பித்தார். முதலாளி அவருக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் நல்லா இருக்குன்னே எழுதியிருக்காங்களே. யாராவது ஏறிப் பாத்தாங்களா?" என்றவர், ஒன்பதாம் பக்கத்தில் நிறுத்தினார். "வேலம்மா, மம்சாபுரம். கைநாட்டு. இவங்க யாரு?"

"நாந்தான்யா" என்று கூட்டத்திலிருந்து குரல் வந்தது.

வேலம்மா மறுபடியும் வந்திருந்தார். தான் சொன்னது எழுத்தில் ஏறிவிட்டது என்ற நம்பிக்கையில், மயினியையும் கையோடு கூட்டி வந்திருந்தார்.

"படகு ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கீங்களேம்மா?"

வேலம்மா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நான் அப்படிச் சொல்லலையேய்யா. படி இல்ல, ஏற முடியலன்னுல்ல சொன்னேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். பக்கம் மாறிவிட்டது, ஆள் மாறிவிட்டது என்று ஏதாவது சமாளித்திருக்கலாம். நாக்கு அதற்கும் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவங்க சொன்னது நெசம் சார். நாந்தான் மாத்தி எழுதிட்டேன்" என்றேன்.

கருப்பசாமி கையிலிருந்த துணியைக் கீழே போட்டான். என்ன சொன்னார்கள் என்று அதிகாரி கேட்டார். தெருவில் தண்ணீர் வந்ததையும், கையைப் பிடித்துப் படகுக்குள் இழுத்ததையும் சொன்னேன். சேலை விஷயம் வந்ததும் நிறுத்திக்கொண்டேன். "சேல அவுந்துச்சுய்யா. அதச் சொல்ல இவ வெக்கப்படுதா" என்று வேலம்மாவே முடித்தார்.

அதிகாரி நோட்டை மூடினார். எல்லாக் கம்பெனிப் படகுகளையும் கண்மாயில் இறக்கச் சொன்னார். இடுப்பளவு தண்ணீரில் நின்று ஏறிக் காட்ட முடியுமா என்று வேலம்மாவையும் மயினியையும் கேட்டார். "நாத்து நடுறவளுக்குத் தண்ணி என்ன பெருசு" என்று இரண்டு பேரும் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். ஒரு படகிலும் ஏற முடியவில்லை. பக்கத்து ஸ்டால்காரரின் படகு எங்களுடையதைவிட உயரம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சார், ரெஸ்க்யூ டீம் தூக்கிப் போட்ருவாங்க சார்" என்றார்.

"தூக்கிப் போட நான் என்ன மூட்டையா?" என்றார் வேலம்மா, தண்ணீரில் நின்றபடியே.

அன்று யாருக்கும் ஆர்டர் இல்லை. பதினைந்து நாள் கழித்து மாற்றிக் கொண்டுவாருங்கள், இதே இரண்டு பேரும் ஏறிப் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டு அதிகாரி போய்விட்டார்.

5. பதினைந்து நாள்

திரும்பி வந்ததும் முதலாளி ஆபீசில் உட்காரச் சொன்னார். வேலையைவிட்டு நிறுத்தப் போகிறார் என்றே நினைத்தேன்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லம்மா?"

"நீங்க முத நாள் சொன்னதக் கேட்ட பொறவு எப்படி மொதலாளி சொல்ல?"

அவர் எல்லோரையும் கூப்பிட்டு, செக்‌ஷன் இருக்கிற நிலைமையை அவர் வாயாலேயே சொன்னார். கருப்பசாமிக்கு என் மேல்தான் கோபம். "நம்ம பொழப்பே அந்தப் படியிலதான் தொங்குதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, அன்னைக்கே ஓட்ட போட்டிருப்பேன்லக்கா!" என்று கத்தினான். அவன் சொன்னதில் தப்பே இல்லை.

அன்று மாலையே ட்ரில்லிங் மெஷினை எடுத்துவிட்டான். மோட்டாருக்கு இடது பக்கம், தண்ணீருக்குள் இரண்டடி இறங்குகிற மாதிரி மடக்குப் படி. கால் வழுக்காமல் இருக்க மேலே மணல் தூவிய ஃபைபர். இரண்டு பக்கமும் கைப்பிடி. ஆள் ஏறும்போது மோட்டார் கட்டாயம் நின்றிருக்க வேண்டும் என்று படிக்கு மேலே சிவப்பில் எழுதினோம். முதல் படி உயரம் என்று பட்டறைப் பெண்களே ஏறிப் பார்த்துச் சொன்னார்கள், அதையும் கழற்றி, கீழே இறக்கி மாட்டினான். அந்தப் பதினைந்து நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை. படி தாங்குமா என்பது பாதிக் கவலை. வேலம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பது மீதி.

6. மறுபடியும் பதிவேடு

குறித்த நாளில் வேலம்மா தண்ணீரில் இறங்கினார். கைப்பிடியைப் பிடித்தார், ஒரு படி, இரண்டு படி, மூன்றாவதில் படகுக்குள் நின்றார். சேலை இடுப்பில் செருகியது செருகியபடி இருந்தது. பின்னாலேயே மயினியும் ஏறி உட்கார்ந்தார். கரையில் கை தட்டினார்கள். கருப்பசாமி முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டான். பாதிப் படகுகள் எங்களுக்கு, மீதி இன்னொரு கம்பெனிக்கு என்று அங்கேயே முடிவானது. பதினோரு பேருக்கும் வேலை நிலைத்தது.

அந்த அம்மாவின் கருத்தை எழுதி வாங்கச் சொன்னார் அதிகாரி. நோட்டு என் கைக்கே வந்தது.

"எழுது தாயி. இப்ப ஏற முடியுது. ஆனா உள்ள உக்காருற பலக வழுக்குது. அதையும் எழுது."

ஒரு சொல் மாறாமல் எழுதினேன். மைப்பெட்டியைத் திறந்து நீட்டினேன். வேலம்மா விரலைக் கொண்டுவந்தவர், பாதியில் நிறுத்தினார்.

"செத்த இரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, காவலுக்கு நின்ற போலீஸ்காரப் பெண்ணைக் கூப்பிட்டார். "இங்க வா தாயி. இவிய என்ன எழுதியிருக்காவன்னு கொஞ்சம் வாசி."

அந்தப் பெண் உரக்க வாசித்தாள். எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நான் மைப்பெட்டியைப் பிடித்தபடி நின்றேன். கடைசிச் சொல் வரை கேட்டுவிட்டுத்தான் வேலம்மா விரலை வைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதன் பிறகு பல கண்காட்சிகளில் நின்றேன். கயிறு கட்டியதில்லை. வருகிறவர் காலில் என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. எழுதத் தெரியாதவர் சொல்லி நான் எழுதினால், அவர் கேட்காமலே வாசித்துக் காட்டிவிட்டுத்தான் மைப்பெட்டியைத் திறப்பேன். ஸ்டாலில் நிற்கிற நீங்களும் அப்படிச் செய்யுங்கள். ஒரு தடவை மாற்றி எழுதிவிட்டால் பிறகு எத்தனை தடவை சரியாக எழுதினாலும் போதாது. அடுத்த வருடக் கண்காட்சிக்கும் வேலம்மா வந்தார், என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார், பலகை இப்போது வழுக்கவில்லை என்று எழுதச் சொன்னார். எழுதி முடித்து நானே வாசித்தும் காட்டினேன். சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, வாசிக்கத் தெரிந்த வேறு ஆள் யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார்.