இன்னாசிராஜுக்கு வந்த தலைவலி

தில்லை நகரில் ஒரு கடையில் மூக்குக் கண்ணாடி பொருத்துகிறவர் இன்னாசிராஜ். எதையும் சட்டென்று நம்பிவிடுகிற, அதைவிடச் சட்டென்று பயந்துவிடுகிற மனிதர். அந்த வருடம் மகள் ஜென்சி தலைப்பிரசவத்துக்காக எடமலைப்பட்டி புதூர் வீட்டுக்கு வந்திருந்தாள். சுகப்பிரசவம் ஆக வேண்டுமென்று அவரும் மனைவி பேட்ரிசியாவும் விபூதிப் புதனில் தொடங்கும் நாற்பது நாள் தவக்காலம் முழுக்கக் காப்பியை விடுவதாக நேர்ந்துகொண்டார்கள்.

வீட்டில் இன்னாசிராஜ் யோக்கியமாகத்தான் இருந்தார். வேலைக்குப் போனால் எதிரிலேயே நிஜாமுதீன் பாயின் காப்பிக் கடை. வெளியில் குடிப்பது கணக்கில் வராது என்று ஆண்டவரோடு தாமாகவே ஓர் உடன்பாடு செய்துகொண்டு, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று ஓட்டிக்கொண்டிருந்தார். ஆண்டவர் அதற்குச் சம்மதித்தாரா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் கடைசியில் கொரோனா ஊரடங்கு வந்தது. கண்ணாடிக் கடையும் மூடியது, பாய் கடையும் மூடியது. மறுநாளே இன்னாசிராஜுக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. அடித்துப் போட்டது போல உடம்பு வலி. சோற்றைப் பார்த்தால் குமட்டல். டிவியில் சொன்ன அறிகுறிகளை நினைத்து நினைத்துப் பார்த்தார். போன வாரம்தான் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவருக்கு முகத்தருகே குனிந்து ஃபிரேம் சரிசெய்திருந்தார். தனக்கு வந்தால் போகட்டும், நிறைமாதக்காரி இருக்கிற வீடாயிற்றே. தட்டு, டம்ளர், தலையணையோடு மாடி அறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். நேர்த்திக்கடனில் ஏமாற்றியது மகள் தலையில் விடிந்துவிட்டதே என்று உட்கார்ந்து அழுதார்.

பேட்ரிசியா கதவுக்கு வெளியே நின்று விசாரித்தாள். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, தொண்டை வலியும் இல்லை. தலை எங்கே வலிக்கிறது என்று கேட்டாள். இரண்டு பொட்டிலும், கண்ணுக்குப் பின்னாலும் என்றார்.

"விபூதிப் புதனுக்கு மறுநாள் எனக்கும் இப்படித்தாங்க இருந்துச்சு. நீங்கதான தைலம் தேச்சு விட்டீங்க? காப்பிய விட்டா வர்ற தலைவலி இது. அன்னிக்கு உங்களுக்கு வரல. அப்பவே தெரியும் எனக்கு."

இன்னாசிராஜுக்கு வெட்கமும் நிம்மதியும் ஒன்றாக வந்தன.

எதற்கும் இரண்டு நாள் உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டுக் கீழே போனவள், நுரை பொங்க ஒரு டம்ளர் காப்பி போட்டுக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். குடித்துத் தலைவலி விட்டால் சந்தேகம் தீர்ந்தது, பாவம் தன்னோடு போகட்டும் என்றாள். மணம் கதவிடுக்கு வழியாக வந்து அவரைப் பிடித்து இழுத்தது. பாவி மனிதர் தாழ் வரைக்கும் கையைக் கொண்டுபோனார்.

"எடுத்துட்டுப் போயிடு பேட்ரிசியா. நீ அன்னிக்கே ஆரம்பிச்சிட்ட. நான் இன்னிக்குத்தான் ஆரம்பிக்கிறேன்."

அப்புறம் தலைவலி உக்கிரமாகத்தான் இருந்தது. கொரோனா பயம் போன இடத்தில் அவருக்கு ஒரு விசித்திரமான சந்தோஷம் வந்திருந்தது. இரண்டொரு நாளில் தலை தானாக இலேசாயிற்று, காய்ச்சலும் வரவில்லை. மகளுக்காக நிஜமாகவே கொஞ்சம் வலியைப் பட்டுவிட்டோம் என்ற திருப்தியோடு கீழே இறங்கி வந்து, கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார்.